இரண்டு வலி மாத்திரை

தம்பையாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. எங்கள் தீவில் சாத்தம் படகுத்துறையிலிருந்து ஓடும் படகில் கயிறு போடும் லஸ்கர். பதினெட்டு வருடமாக நானும் அதே படகில்தான். அதனால் அவனைத் திட்ட எனக்கு உரிமை உண்டு.

கயிறு கட்டப் படகிலிருந்து ஜெட்டிக்குத் தாவித் தாவியே அவனுக்கு வலது முட்டி ஜவ்வு பாதி தேய்ந்துவிட்டது. ஆபீஸில் யாருக்கும் தெரியாது. வருடா வருடம் மெடிக்கல் நடக்கும். அன்று காலை நாங்கள் ஆளுக்கு இரண்டு வலி மாத்திரை விழுங்கிவிட்டு, டாக்டர் முன்னால் சிரித்த முகமாக உட்கார்ந்து எழுவோம். தேறாதவனைப் படகில் விடமாட்டார்கள்.

போன மாதம் சென்னையிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வந்தது. முட்டிக்குள் புரத ஊசி போட்டால் தேய்மானம் மெதுவாகிறதா என்று பார்க்கிறார்களாம். தேய்ந்தது திரும்பாது, மிச்சமிருப்பது தாங்கலாம். நிச்சயம் என்று அவர்களே சொல்லவில்லை. ஓய்வு பெற ஏழு வருடம் இருந்த தம்பையாவுக்கு அந்தத் 'தாங்கலாம்' போதும்.

உண்மையான வலியை அளந்துதான் ஆள் சேர்ப்பார்களாம்; அதனால் அதற்கு முன் ஒரு வாரம் வலி மாத்திரை தொடக்கூடாது என்றார்கள். அந்த வாரம் அவனோடு வேலை பார்த்தது நரகம். உட்கார்ந்தால் எழுவான், எழுந்தால் நொண்டுவான், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவான்.

ஆய்வுக்கு ஆள் எடுக்கும் கடைசி நாளன்று துணைக்குப் போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தான். எனக்கே நிலைகொள்ளவில்லை. "அடுத்து நீங்கதான்" என்றாள் நர்ஸ். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. இரண்டு மாத்திரையை நீட்டினேன். அவனும் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினான். இங்கே மாத்திரை கூடாது என்பது இருவருக்கும் புத்தியில் ஏறவே இல்லை.

நானும் கூடவே உள்ளே போனேன். டாக்டரம்மா கேட்டார். "வலி பத்துக்கு எத்தனை?"

"ஜீரோ மேடம். ஏக்தம் ஃபிட்." வருடா வருடம் மெடிக்கலில் சொல்வதை அப்படியே சொல்லி, உட்கார்ந்து எழுந்தும் காட்டினான்.

"அப்ப இந்த ஊசி உங்களுக்கு எதுக்கு? மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

தம்பையா என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆமா மேடம். இப்பதான்."

"அப்ப சேர்க்க முடியாதுங்க. நாளைக்குக் காலைல நாங்க கிளம்புறோம்."

நாங்கள் திரும்பியபோது டெலானிபூர் குவார்ட்டர்ஸ் படியில் அவன் மனைவி ஜெயராணி காத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு என்னைக் கேட்டாள்.

"மாத்திரை எதையாவது போட்டுட்டாராண்ணே? வீட்ல இருந்ததையெல்லாம் நான் ஒளிச்சுல்ல வெச்சிருந்தேன்."

நான் வாயெடுப்பதற்குள் தம்பையா முந்திக்கொண்டான். "கடையில வாங்கிப் போட்டேன். என் புத்தி."

அவள் அவனைத் திட்டத் தொடங்கினாள். நான் தலை குனிந்து நின்றேன். மாத்திரையை நீட்டியது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.