பட்டறைக்கு யார் முதலாளி?

கல்லூரியில் வணிகவியல் மன்றத்துக்கு நான்தான் செயலாளர். மன்றத் தொடக்க விழாவில், சொந்தத் தொழில் நடத்தும் ஒருவரை மேடையேற்ற வேண்டும். வெளியே எதற்குத் தேடுவானேன், எங்கள் வீட்டிலேயே லேத் பட்டறை இருக்கிறதே என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"முதலாளியையே கூட்டிட்டு வாம்மா. அது என்ன வகை அமைப்புன்னும் எழுதிக் குடு" என்றார் பேராசிரியர்.

தனியாள் வணிகம், கூட்டாண்மை, நிறுமம் எனப்படும் கம்பெனி, இந்த மூன்றுக்கும் என்ன வேறுபாடு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திமிரோடுதான் பட்டறைக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன்.

"கம்பெனி கண்ணு. போர்டுலயே போட்டிருக்குதல்ல?"

பம்பு மோட்டார் ஷாப்டு கடைந்துகொண்டிருந்த சித்தப்பா லேத்தை நிறுத்தினார். "நானும் அண்ணனும் பாதிப்பாதி. அப்பறம் பார்ட்னர்சிப்புதானே?"

கூட்டாண்மைப் பத்திரம் எங்கே என்று கேட்டேன். அண்ணன் தம்பிக்குள் என்ன பத்திரம் என்றார் அப்பா. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஜிஎஸ்டி சான்றிதழ் தொங்கியது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் படித்தேன். தனியாள் வணிகம் என்றிருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர்.

அம்மா பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். அப்பா அலட்டிக்கொள்ளவே இல்லை. "என் பேர்ல போட்டா அவனுக்கு ஒரு மாதிரி இருக்கும், அவன் பேர்ல போட்டா எனக்கு. அதான் உங்கம்மா பேர்ல போட்டுட்டோம்."

வீட்டில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அம்மா, நீதான் ஓனராம். எங்க விழாவுக்கு வாரியா?" என்றேன்.

அம்மா சிரித்தாள். "எனக்கென்ன தெரியும் சாமி? நீட்டுன எடத்துல கையெழுத்துப் போடறேன். உங்கப்பாவையே கூட்டிட்டுப் போ."

பாடப்படி பார்த்தால் அம்மாதான் முதலாளி. ஆனால் அந்தப் பட்டறைக்குள் அவள் நாலு தடவைகூடப் போனதில்லை. மேடையில் யாராவது எழுந்து கேள்வி கேட்டால் என்ன சொல்வாள்? அப்பாவைக் கூட்டிப்போனால் அது பொய்யா? யோசிக்க யோசிக்க எதுவும் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் உண்மை, அம்மா வரமாட்டேன் என்றது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அழைப்பிதழில் அப்பா பெயரை அச்சடித்தேன். அமைப்பின் வகை என்ற இடத்தில் 'குடும்பத் தொழில்' என்று எழுதிக் கொடுத்தேன். அப்படி ஒரு வகை பாடத்திலேயே கிடையாது.

விழாவில் அப்பா நன்றாகவே பேசினார். வாய்க்கு வாய் "நானும் தம்பியும்" என்றார். அமைப்பின் வகையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. போட்ட பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தோம்.

அம்மா பொன்னாடையை வாங்கி விரித்துப் பார்த்தாள். நன்றாயிருக்கிறது என்றாள். அதைப் பீரோவில் வைக்க அவள் பின்னாலேயே போனபோதுதான், கட்டில்மேல் அவளுடைய பட்டுச்சேலை இஸ்திரி போட்டபடி கிடந்ததைக் கவனித்தேன். எங்கேயாவது கிளம்பினாயா என்று கேட்டேன்.

"இல்ல கண்ணு. நீ இன்னொருக்கா கூப்புடுவேன்னு நெனச்சு காத்தால எடுத்து வெச்சேன்."