துணைக்கு வந்த மச்சாள்

ஐரோப்பாவுக்கு நான் முன்பும் போயிருக்கிறேன். பாரிஸுக்கு இரண்டு தரம், லண்டனுக்கு ஒரு தரம், ஒஸ்லோவுக்கு ஒரு கலியாணத்துக்கு. ஆனால் அந்த ஊர்கள் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பாரிஸ் என்றால் மச்சாள் வீட்டுச் சோபா. லண்டன் என்றால் என் கணவரின் சித்தப்பா வீட்டுக் குசினி. ஒரு வீட்டில் தங்கினால் மற்ற வீட்டார் கோபிப்பார்கள் என்று வீடு வீடாக ஏறி இறங்கி, போன இடமெல்லாம் வயிறு முட்டச் சாப்பிட்டு, கொண்டுபோன மிளகாய்த்தூளைக் கொடுத்து, அவர்கள் தரும் பார்சலை வாங்கிக்கொண்டு சிட்னிக்குத் திரும்பிவிடுவோம். பாரிஸின் நடுவே ஆறு ஓடுகிறது என்பதை நான் படத்தில்தான் கண்டிருக்கிறேன்.

அதனால்தான் லிஸ்பனைத் தெரிவுசெய்தேன். அங்கே எங்களுக்கு ஒருவரும் இல்லை. வெளியே விசாரித்தால் கதை பரவிவிடும் என்று, இரண்டு பக்கத்துச் சொந்தங்களையும் மனதுக்குள்ளேயே ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்து அதை உறுதி செய்துகொண்டேன். போர்த்துக்கேயர் ஒரு காலத்தில் எங்கள் ஊருக்கு யாரும் கூப்பிடாமல் வந்து, நாற்காலிக்குக் கதிரை, சமையலறைக்குக் குசினி என்ற சொற்களை எங்கள் பேச்சில் விட்டுவிட்டுப் போனவர்கள். நானும் ஒருமுறை கூப்பிடாமல் போய் வரலாம்தானே.

சும்மா ஊர் பார்க்கப் புறப்படவில்லை. என் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மெல்பேர்னில் இருக்கும் மகன், சிட்னியில் பென்டில் ஹில்லில் உள்ள எங்கள் வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். தன் வளவின் பின்பக்கத்தில் எனக்கென்று ஓர் அறையும் குளியலறையும் கட்டியே விட்டான். குளியலறையில் பிடித்து எழும்பக் கம்பி வேறு. அவன் நல்ல பிள்ளை. அதுதான் பிரச்சினை. கெட்ட பிள்ளை என்றால் உடனே மாட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

எனக்கு அந்த வீட்டை விட்டுப் போக விருப்பமில்லை. ஆனால் அங்கே தனியாக இருக்க என்னால் முடியுமா என்று எனக்கே தெரியாது. பிறந்த வீட்டில் ஒரு பாயில் மூன்று சகோதரிகள். பிறகு விடுதி. பிறகு கலியாணம், பிள்ளை. கணவர் போன பிறகாவது தனிமை வரும் என்று பார்த்தால், துணைக்கு ஆள் வந்தது. முதலில் லிட்கம்மில் இருக்கும் கணவரின் அக்கா. அவருக்குப் பிறகு கோயிலில் பழக்கமான ஒருவரின் அம்மா. அதற்குப் பிறகு, நான் பயணம் புறப்படும் வரைக்கும், படிக்க வந்த ஒரு பிள்ளை. என்னைத் தனியே விடக்கூடாது என்பதில் எங்கள் ஆட்கள் அவ்வளவு ஒற்றுமையாக இருந்தார்கள். வேறு எந்த விஷயத்திலும் அப்படி ஓர் ஒற்றுமையை நான் கண்டதில்லை. ஆக, அறுபது வயது வரைக்கும் ஒரு முழு நாளைக்கூட நான் தனியாகக் கழித்ததில்லை. ஒரு கிழமை, அதாவது ஏழு நாள், எங்காவது தனியே போய்வந்து பதில் சொல்கிறேன் என்று மகனிடம் சொன்னேன். அவன் அரைமனதோடு ஒத்துக்கொண்டான்.

லிஸ்பனில் நான் எடுத்திருந்த வீடு ஒரு செங்குத்தான தெருவில், மேல்மாடியில் இருந்தது. சுவரெல்லாம் நீலமும் வெள்ளையுமாக ஓடு பதித்திருந்தார்கள். எதிர் வீட்டு ஜன்னலில் காயப்போட்ட உடுப்புத் தெருவுக்கு மேலே ஆடியது. முதல் நாள் மத்தியானம் வரைக்கும் நான் வெளியே போகவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தேன். வெளிக்கிடுவம் என்று சொல்ல ஒருவரும் இல்லாததால் வெளிக்கிடத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. இதற்கா இவ்வளவு தூரம் பறந்து வந்தேன், பேசாமல் மெல்பேர்னுக்குப் போயிருக்கலாமே என்றுகூட நினைத்தேன்.

பசிதான் என்னைத் தெருவில் இறக்கியது. சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். எதென்றாலும் பரவாயில்லை என்றேன். ஆயுள் முழுக்க எல்லோர் வீட்டிலும் நான் சொல்லி வந்த பதில் அது. நல்ல விருந்தாளி என்று பெயரும் வாங்கித் தந்த பதில். அந்த மனிதர் பென்சிலைப் பிடித்தபடி நின்றார். எதென்றாலும் என்று ஒரு சாப்பாடு அவர்களிடம் இல்லை. எனக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தேன். கணவருக்குப் பிடித்தது தெரியும், மகனுக்குப் பிடித்தது தெரியும், மருமகளுக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதும் தெரியும். கடைசியில் பக்கத்து மேசையில் இருந்ததைக் காட்டினேன். சுட்ட மத்திமீன் வந்தது. முள்ளோடு, தலையோடு, எலுமிச்சம்பழத்தோடு. கையாலேயே பிய்த்துச் சாப்பிட்டேன். எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த நாள் காலையில் எழும்பும்போதே பயம் பாதி குறைந்திருந்தது. மஞ்சள் டிராமில் ஏறி, பெயர் தெரியாத ஒரு தரிப்பில் இறங்கினேன். பிழையான இடம்தான். ஆனால் யாருக்குப் பிழை? என்னைக் கேள்வி கேட்க ஒருவரும் இல்லை. பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பது என் வேலை. ஆட்களைக் கண்டால் முகத்துக்கு முதல் கையைத்தான் பார்ப்பேன். ஒரு சதுக்கத்தில் நின்ற கற்சிலையின் கையில் நரம்பு அவ்வளவு நன்றாகப் புடைத்திருந்தது. ஒரே குத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். கணவர் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன், அவரும் சிரித்திருப்பார். அந்த நினைவு வந்ததும் சிலைக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன். அவசரமில்லாமல் அழுதேன். செத்தவீட்டிலும் அதற்குப் பிறகும் நான் அழத் தொடங்கினாலே யாராவது தண்ணீரோடு ஓடி வந்துவிடுவார்கள். அன்றுதான் அழுது முடிக்க விட்டார்கள்.

பின்னேரம் ஆற்றங்கரைக்குப் போனேன். கடல் மாதிரி அகன்ற ஆறு. ஒரு கோப்பிக் கடையில் வெளியே இருந்த மேசையில் உட்கார்ந்து, என் கோப்பையையும் முட்டைக் கிறீம் வைத்த சின்னப் பேஸ்ட்ரியையும் ஆற்றோடு சேர்த்துப் படம் எடுத்தேன். இத்தனை பெருமையாக நான் எடுத்த படம் வேறில்லை. அந்தப் பெருமையில் அதைக் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டேன். அங்கேதான் பிழை நடந்தது.

எங்கள் குரூப்பில் ஐந்து நாட்டுச் சொந்தங்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கும் ஆறு தெரியவில்லை. எல்லோருக்கும் தெரிந்தது ஒரு கோப்பை, ஒரு தட்டு, எதிரே வெறும் கதிரை. பாவம் என்று ரொறொன்ரோ எழுதியது. அண்ணை இருந்திருந்தால் இப்படி விட்டிருப்பாரோ என்று லண்டன் கேட்டது. கைகூப்பும் படங்களும் உடைந்த இதயங்களும் வரிசையாக வந்தன. லிஸ்பனில் யாராவது தெரிந்தவர்கள் உண்டா என்று ஒஸ்லோ தேடத் தொடங்கியது. நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுதினேன். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. எங்களிடத்தில் சந்தோஷமாக இருப்பவர்கள் அப்படி எழுதுவதில்லை.

மூன்றாம் நாள் காலை, பாரிஸ் மச்சாள் கைபேசியில் வந்தார். என் கணவரின் தங்கை.

"மச்சாள், நான் எயார்போட்டிலை நிக்கிறன். எந்த பஸ் எடுக்கிறது?"

பாரிஸ் எயார்போட்டா என்று கேட்டேன்.

"இல்லை. உங்கட எயார்போட்டிலை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலகத்திலேயே ஒருவரும் இல்லாத ஊர் என்று பார்த்துப் பிடித்து வந்தால், அங்கேயும் துணை. போய்க் கூட்டி வந்தேன். பெட்டியைத் திறந்தார். ரோல்ஸ், மீன் கட்லட், பருத்தித்துறை வடை, அரிசி, அடியில் ஒரு துவாயில் சுற்றி ஒரு ரைஸ் குக்கர். நான் குக்கருக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். அன்று முழுக்க நாங்கள் வெளியே போகவில்லை. அவர் சமைத்தார், நான் வெங்காயம் உரித்தேன். லிஸ்பன் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. நாங்கள் பாரிஸ் சோபாவில் இருந்தோம். என் கிழமை போய்விட்டது, மகனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமலே திரும்பப் போகிறேன் என்று மனம் கசந்தது.

அடுத்த நாள் விடிய, எப்படிச் சொன்னால் நோகாது என்று சொற்களை அடுக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். மச்சாள் ஏற்கனவே உடுத்து, கோட் போட்டு, கைப்பையோடு நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மச்சாள், குறை நினைக்காதேங்கோ. இண்டைக்கு நீங்கள் உங்கட பாட்டிலை போங்கோ. நான் என்ர பாட்டிலை கொஞ்சம் நடக்கப் போறன்."

"நீர் எனக்குத் துணைக்கெண்டெல்லோ வந்தனீர்?"

"அப்பிடிச் சொன்னபடியாத்தானே விட்டவை."

பிறகுதான் மெல்ல மெல்லச் சொன்னார். பாரிஸுக்கு வந்த நாள் முதல் வீட்டிலிருந்து வேலைக்கு ஒரு ரயில், வேலையிலிருந்து தமிழ்க் கடைகளுக்கு ஒரு ரயில். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த பாரிஸ். கலியாணவீடு, செத்தவீடு இல்லாமல் ஓரிடமும் போனதில்லை. தனியே எங்காவது போகிறேன் என்றால் வீட்டில் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏனுக்கு அவரிடம் ஒரு பதிலும் இருந்ததில்லை. என் படத்தைக் கண்டதும் பதில் கிடைத்துவிட்டது. மச்சாள் அங்கே தனியே கிடந்து அழுகிறா என்று சொன்னதும் புருஷனே ரிக்கெற் எடுத்துக் கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் எயார்போட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.

நான் சிரித்தேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமோ என்று கேட்டார். கோபம் நேற்று இருந்தது என்றேன்.

டிராம் தரிப்பு வரைக்கும் சேர்ந்து நடந்தோம். அவர் ஆற்றுப் பக்கம் இறங்கினார், நான் மேட்டுப் பக்கம் ஏறினேன். மத்தியானத்துக்குப் பிறகு மேலேயிருந்த ஒரு சுவரோரம் நின்று கீழே பார்த்தபோது அவருடைய மாங்காய்ப் பச்சைக் கோட்டைக் கண்டேன். ஆறு வந்து தொடும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கால்களைத் தண்ணீருக்குள் விட்டிருந்தார். கையில் ஐஸ்கிறீம். அவருக்குச் சீனி வருத்தம், ஐஸ்கிறீம் கண்ணிலும் காட்டக்கூடாது. வேறு நாளாக இருந்தால் அந்த உயரத்திலிருந்தே கத்தியிருப்பேன். அன்று கத்தவில்லை. நான் பார்த்தேன் என்பதை அவர் இன்றைக்கும் அறிய மாட்டார்.

மிச்ச நாட்களும் அப்படியே போயின. காலையில் பிரிவோம், பொழுதுபட வீட்டில் சந்திப்போம். எங்கே போனீர் என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ரைஸ் குக்கரில் சோறு வெந்துகொண்டிருக்க, இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் வைத்து ஒரு படம் எடுத்துக் குரூப்பில் போடுவோம். ஐந்து நாட்டிலும் நிம்மதி. இப்பதான் முகத்தில் சிரிப்பு வந்திருக்கு என்று லண்டன் எழுதியது.

கடைசி நாள் அவருடைய விமானம் எனக்கு முதல் இருந்தது. உள்ளே போகும் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, வேறு யாருக்கும் தமிழ் விளங்காத அந்த இடத்திலும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மச்சாள், சிட்னிக்குப் போன பிறகு ஒருக்கா குரூப்பிலை போடுங்கோ, தனிய இருக்கக் கஷ்டமாயிருக்கு எண்டு."

"எனக்குக் கஷ்டமில்லையே."

"தெரியும்," என்றார். "போயிட்டு வாறன்."

சிட்னி வந்து இறங்கிய அன்றே மகனோடு பேசினேன். வீட்டை விற்கப்போவதில்லை, என்னால் தனியே இருக்க முடிகிறது என்றேன். அவன், தான் ஏதாவது பிழை விட்டானா என்று ஆங்கிலத்தில் கேட்டான். அந்தக் கேள்வி நெஞ்சில் தைத்தது. நீ ஒன்றும் பிழை விடவில்லை, அந்த அறை அப்படியே இருக்கட்டும், எனக்கு ஏலாத காலம் ஒன்று வரும், அப்போது நானே கேட்டு வருவேன் என்று சொன்னேன். கேட்டு வருவேன் என்ற சொல் அவனைக் கொஞ்சம் ஆற்றியது.

இனி மச்சாளின் வேண்டுகோள் இருந்தது. தனியே இருக்கக் கஷ்டம் என்று நான் குரூப்பில் எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். லிட்கம் அக்கா உடனே பையைக் கட்டுவார். வீட்டை விற்கச் சொல்லி ஐந்து நாடும் மகனைப் பிடித்து உலுக்கும். என்னால் முடியும் என்பதை அறியத்தான் அவ்வளவு தூரம் போனேன். அறிந்துகொண்டு வந்ததை ஊருக்கு முன்னால் நானே இல்லை என்று சொல்ல வேண்டும். சில நாள் அதை யோசித்தபடி வீட்டுக்குள் நடந்தேன். வீட்டில் சத்தமில்லை. எனக்குப் பிடித்த மீனை எனக்கு மட்டும் பொரித்துச் சாப்பிட்டேன். ஒவ்வொரு தரம் சாப்பிடும்போதும் அந்தப் படிக்கட்டும் தண்ணீருக்குள் கிடந்த கால்களும் நினைவுக்கு வந்தன.

ஒரு சனிக்கிழமை காலை எழுதிவிட்டேன். தனியே இருக்க மிகவும் கஷ்டமாக இருக்கிறது, லிட்கம் அக்காவுக்கு முழங்கால் நோ, அவவைச் சிரமப்படுத்த விருப்பமில்லை, வேறு யாராவது ஒரு மூன்று மாதம் துணைக்கு வந்தால் நல்லது என்று.

முதலில் மகன்தான் எடுத்தான். "அம்மா, நீங்க சொன்னது என்ன, எழுதியிருக்கிறது என்ன?" என்று பதறினான். அவனிடம் மட்டும் முழுக்கதையையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், பாரிஸ் மாமிக்கு எந்த அறையைக் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டான். தெருப்பக்க அறை என்றேன், ஸ்டேஷனுக்கு நடந்து போக அதுதான் வசதி. அப்பா வைத்திருந்த சாவி என்னிடம் இருக்கிறது, கூரியரில் அனுப்பிவிடுகிறேன் என்றான்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே குரூப்பில் பதில் வந்தது. பாரிஸில் அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும்.

"பாவம் மச்சாள். ஒருத்தரும் யோசிக்காதேங்கோ, நான் வாறன்."