பிரேக்கில் காற்று எடுத்த ஞாயிறு

அத்தையின் காரில் இரண்டே இருக்கைகள்தான். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அத்தை, நான் என்று நாலு பேர். அதனால் அந்த வண்டி வந்து நின்ற அன்றைக்கே எனக்கு அதன்மேல் ஒரு மனத்தாங்கல் வந்துவிட்டது. இருக்கைக்குப் பின்னால் பெட்டி வைக்கிற இடுக்கில் என்னை மடித்து உட்காரவைத்து, ஆற்றங்கரை வரைக்கும் இரண்டு தடவை அத்தை ஓட்டிக் காட்டினாள். முட்டி வலித்ததே தவிர மனத்தாங்கல் தீரவில்லை.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணம் ஆகாதவள். ஒரு ரப்பர் கம்பெனி அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அங்கே அவளுக்கு மேலதிகாரியாக இருந்த பிரெஞ்சுக்கார முசியே ஊரைவிட்டுக் கிளம்பியபோது, கப்பலில் ஏற்ற மனமில்லாமலோ வழியில்லாமலோ, தன்னுடைய பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார். கரும்பச்சை நிறம், துணிக்கூரை, என் இடுப்பு உயரத்துக்குக் கதவு. சைகோனின் புளியமரத் தெருக்களில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு அத்தை அதை ஓட்டிப் போனால் சிக்ளோ ரிக்‌ஷாக்காரர்கள் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். சைகோனில் குடியேறியிருந்த எங்கள் காரைக்கால் குடும்பங்களில் கார் ஓட்டிய பெண் அவள் ஒருத்திதான். மாதா கோயிலுக்கு வரும்போது மட்டும் வண்டியைத் தெருக்கோடியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வரும்படி அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வண்டியில் அத்தை ஒரு நீண்ட பயணம் போவதாக ஏற்பாடாயிற்று. மலைமேல் இருக்கும் தலாத் நகருக்கு ஏறிப் போவது, பிறகு கடலோரத்துக்கு இறங்குவது. வியட்நாம் போர் இன்னும் அந்தப் பாதைகளை முழுக்கப் பிடித்துக்கொள்ளாத காலம். "ஊர் சுத்திப் பாக்கப் போறா" என்று அப்பா பங்குச் சாமியாரிடமும் அக்கம்பக்கத்திலும் சொல்லிவைத்தார். நானும் அதையே நம்பினேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவளோடு அண்ணன் இரண்டு மாதமாகப் பேசாமல் இருப்பானேன் என்று யோசிக்கிற வயசில்லை எனக்கு. எட்டு முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது.

அவர்களுடைய பேச்சுவார்த்தை முழுவதும் என் வழியாகத்தான். மேசைக்கு எதிரே அத்தை நின்றுகொண்டிருக்கும்போதே, "அத்தைய சாப்பிட வரச்சொல்லு" என்பார் அப்பா. "அப்புறம் சாப்பிடறேன்னு சொல்லு" என்பாள் அத்தை. நான் இரண்டு பக்கமும் திரும்பி ஒப்புவிப்பேன். அந்த உத்தியோகத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பயணத்துக்கு முன்னால் வண்டியைச் சரிபார்க்க அத்தை ஒரு பட்டறையில் விட்டாள். ஒரு பகல் வைத்திருந்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அன்று சாயங்காலம், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், அப்பா குனிந்து பிரேக் பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். அது தரைவரைக்கும் போயிற்று. அப்பாவுக்கு டான் சோன் நாட் விமான நிலையத்துப் பட்டறையில் மெக்கானிக் வேலை. உள்ளே வந்து அம்மாவிடம், "இத எடுத்துக்கிட்டு மலை எறங்குனா இவ எங்க போய் நிப்பா?" என்று கேட்டார். மறுநாளே இஞ்சு அளவு ஸ்பேனர்களை வேலை இடத்தில் இரவல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்கப்புறம் மூன்று வாரம் எங்கள் முற்றம் முற்றமாக இல்லை. அப்பா எண்ணெய் மாற்றினார், பிளக்குகளைக் கழற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார், வெடிப்பு விட்டிருந்த ரப்பர் குழாய்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டினார். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் இஞ்சினிலிருந்து கட்டைவிரல் அளவில் ஒரு பழுப்புத் துண்டை உருவி எடுத்து, வீட்டுக்குள் மாதா சுரூபம் இருந்த தட்டில் வைப்பார். அதற்கு ரோட்டார் என்று பெயர். எங்கள் சந்தில் வண்டி திருடு போவது சகஜம் என்பதால் இந்த ஏற்பாடு. "இது இல்லாம எந்த வண்டியும் நகராது" என்று என்னிடம் காட்டிச் சொன்னார். இத்தனையும் செய்துகொண்டு தங்கையோடு மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, அத்தையின் பெட்டியில் அம்மா பட்டுப்புடவைகளை வைத்துக்கொண்டிருந்தாள். ஊர் சுற்றப் போகிறவளுக்கு இத்தனை பட்டு எதற்கு என்று கேட்டேன். அம்மாவுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை போலிருக்கிறது, கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தலாத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருக்கிறார், வியட்நாம்காரர், மனைவியை இழந்தவர். அத்தை அவரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். அப்பாவுக்குச் சம்மதமில்லை. "அத்தை இனிமே இங்க வரமாட்டா. யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கடைசி வேலையாக அப்பா பிரேக்கில் காற்று எடுக்க உட்கார்ந்தார். பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருந்தால் பெடல் பிடிக்காது. அந்தக் காற்றை ஒவ்வொரு சக்கரத்திலும் வெளியேற்ற வேண்டும். இது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் இருக்கையில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் அடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். முதலில் என்னை உட்காரவைத்தார். பெடலுக்குக் கால் எட்டுவதற்காகச் சறுக்கிச் சறுக்கி நான் ஸ்டியரிங்குக்கு அடியிலேயே போய்விட்டேன். அம்மா அந்த வண்டியில் காலே வைக்க மாட்டேன் என்றுவிட்டாள். வண்டிக்கு அடியிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: "அத்தைய வரச்சொல்லு."

அத்தை வந்து உட்கார்ந்தாள். "மிதிக்கச் சொல்லு" என்றார் அப்பா. "மிதிக்கச் சொல்றாங்க" என்றேன். "மிதிச்சிட்டேன்னு சொல்லு" என்றாள் அத்தை. "மிதிச்சிட்டாங்களாம்" என்றேன். நான் ஒப்புவித்து முடிப்பதற்குள் நேரம் தப்பி, அவர் திருகை மூடுமுன் அத்தை காலை எடுத்துவிட, போன காற்று திரும்ப உள்ளே வந்துவிட்டது. இரண்டாம் முறையும் அதே கதை. மூன்றாவது முறை அப்பா நேராகச் சொன்னார்.

"மிதிம்மா."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மிதித்தாள்.

"மிதிச்சிருக்கேண்ணே."

"புடி. விட்டுடாத. இன்னும் வருது... ம், இப்ப விடு."

இப்படி நாலு சக்கரம் முடிவதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. அந்தப் பேச்சில் மிதி, புடி, விடு என்பவை தவிர அதிகம் இல்லை. ஆனால் அத்தையின் முகத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்ததால் அவள் அதைத் துடைக்கவில்லை. கடைசிச் சக்கரத்துக்கு அடியில் படுத்தபடியே அப்பா, "எறக்கத்துல பிரேக்க மட்டும் நம்பிக்கிட்டுப் போகாத. கியர எறக்கிட்டுப் போ" என்றார். "சரிண்ணே" என்றாள். அன்று நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். என் உத்தியோகம் போய்விட்டது, எனக்கு அதில் வருத்தமே இல்லை.

அன்று படுக்கும்முன் அப்பா அம்மாவிடம், தன் கோட்டை எடுத்து வெயிலில் போடச் சொன்னாராம். கல்யாணத்துக்குப் போகலாம், நான்தானே அவள் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்றாராம். அவளிடம் இப்போதே சொல்லுங்களேன் என்று அம்மா சொன்னதற்கு, "காலையில கெளம்பறப்ப சொல்லிக்கறேன்" என்று படுத்துவிட்டாராம். இதை அம்மா எனக்குச் சொன்னது இருபது வருஷம் கழித்து.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பேச ஆரம்பித்த பிறகு அத்தை எதற்காகப் போக வேண்டும்? இன்னும் ஒரு நாள் இருந்தால், இன்னும் ஒரு வேளை ஒன்றாகச் சாப்பிட்டால், அவளே போகமாட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். திங்கட்கிழமை விடிகாலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, மாதா தட்டிலிருந்து ரோட்டாரை எடுத்து, அரிசி டின்னுக்குள் கை போகிற ஆழம்வரை புதைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

விடிந்தது. பெட்டிகள் ஏறின. அத்தை தலைக்குத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மழைக்கு முன் மலை ஏறிவிட வேண்டும் என்று அப்பா அவசரப்படுத்திக்கொண்டே ரோட்டாரை எடுக்க உள்ளே போனார். தட்டில் பார்த்தார், தட்டுக்கு அடியில் பார்த்தார், சட்டைப் பையில் பார்த்தார். வெறுங்கையோடு வெளியே வந்து, "இங்கதான் வச்சேன்" என்றார்.

அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டாள்.

"நேத்து நாலு சக்கரமும் என்கூட ஒக்காந்து செஞ்சீங்களே அண்ணே. அப்பவே இத மனசுல வச்சிருந்தீங்களா?"

அப்பா வாயைத் திறந்தார். அப்போதுதான் வாசல்படியில் நின்ற என்னைப் பார்த்தார். கைகளை நான் பின்னால் கட்டியிருந்தேன். என் முழங்கைவரை அரிசி மாவு வெள்ளையாகப் படிந்திருந்தது எனக்குத் தெரியாது. அவர் திறந்த வாயை மூடிக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனார். அரிசி டின்னின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ரோட்டார் இருந்தது. அவருடைய கறுத்த கையும் முழங்கைவரை வெள்ளையாகியிருந்தது. படியில் என் பக்கத்தில் ஒரு கணம் நின்று, அத்தைக்கு என்னைத் தெரியாதபடி மறைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "பின்னால போய்க் கையக் கழுவு" என்றார்.

நான் ஓடினேன். மற்றது அம்மா சொல்லித் தெரியும். அத்தை அவர் கையைப் பார்த்தாளாம். "அரிசி டின்லயா?" என்று மட்டும் கேட்டாளாம். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ரோட்டாரை ஊதித் துடைத்து மாட்டிவிட்டு, "இப்பப் போட்டுப் பாரு" என்றாராம்.

தலாத்திலிருந்து கல்யாணப் படம் வந்தது. அத்தைக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் அண்ணன் ஸ்தானத்தில் நின்றார். அதற்குப்பின் வந்த கடிதங்களெல்லாம் அம்மா பெயருக்கு, அல்லது என் பெயருக்கு. என்ன எழுதியிருக்கிறாள் என்று அப்பா கேட்பார், நான் படிப்பேன், அவர் தலையாட்டிக்கொண்டு கேட்பார். ஒரு வரி எழுதி அவர் தன்னை மீட்டுக்கொண்டிருக்கலாம். அந்த வரியில் என் பெயரை எழுத வேண்டியிருக்கும், அதனால் எழுதவில்லை. சில வருஷத்தில் மலைப்பாதையில் போவது ஆபத்தாகிவிட்டது. பிறகு அத்தை குடும்பத்தோடு பிரான்சுக்குப் போனாள். அண்ணனும் தங்கையும் மறுபடி பார்த்துக்கொள்ளவில்லை. உண்மையை நான் அத்தைக்கு எழுதியபோது அப்பா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அன்று காலையில் நான் பின்கட்டுக் குழாயடியில் குந்தி, சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முன்பக்கம் வண்டி முதல் தடவையிலேயே கிளம்பியது, சந்தைத் தாண்டிப் பெரிய தெருவுக்குத் திரும்பியது. அத்தை என்னைக் கண்டுபிடிக்கவில்லை, அப்பாவிடம் அடி விழாமலும் தப்பித்தேன் என்று மாதாவுக்கு நன்றி சொன்னேன்.