கொட்டாஞ்சேனைக்கு இரண்டு போத்தல் எண்ணெய்

காலை 8.10. வெள்ளவத்தைப் புகையிரத நிலையம். தங்கை வீட்டில் இரவு தங்கிவிட்டுக் கிளம்பினேன். நுவரெலியாவிலிருந்து கொண்டுவந்த பையில் என் லொறியிலிருந்து வடித்த எண்ணெய் இரண்டு போத்தல். ஒன்றில் ‘கியர் பெட்டி’, மற்றதில் ‘ரான்ஸ்ஃபர்’ என்று சாரதி முருகையா எழுதி ஒட்டியிருந்தார். ரான்ஸ்ஃபர் என்பது இஞ்சினின் வலுவை முன் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. அது இல்லாமல் மழைக்காலத்தில் மரக்கறி ஏற்றிக்கொண்டு எங்கள் சரிவில் ஏற முடியாது.

முருகையா ஆறு வருடமாக என் லொறியை ஓட்டியவர். இரண்டு மாதமாகக் கியர் கரகரவென்று கத்துகிறது. அவர்தான் முரட்டுத்தனமாகப் போட்டுக் கெடுத்துவிட்டார் என்று சந்தையில் நாலு பேர் முன்னால் கத்தி, திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.  கொட்டாஞ்சேனை எண்ணெய்க்கடையில் காட்டவென்று அவரே எண்ணெயை வடித்து, பையைக் கட்டிக் கொடுத்தார்.

கோட்டை வரை எட்டுக் கிலோமீற்றர், இடப்பக்கம் முழுக்கக் கடல். பக்கத்தில் இருந்த பெண் மூக்கைச் சுருக்கினார்.

“அண்ணை, உந்தப் பைக்குள்ள என்ன? கூழ்முட்டை மாதிரி மணக்குது.”

“கியர் ஒயில் தங்கச்சி.”

எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டார்.

9.20. கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோ, மூன்று கிலோமீற்றர், 450 ரூபா. நானா என்று எல்லோரும் கூப்பிடும் முஸ்லிம் எண்ணெய்க்கடைக்காரர் ‘கியர் பெட்டி’ போத்தலை வெள்ளைத்தாளில் கொஞ்சம் ஊற்றி, வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.

“மின்னுது பாருங்க. இது இரும்பில்ல, பித்தளை. என்ன ஒயில் ஊத்தின?”

“நல்லதுதான் நானா. முந்தி ஜிஎல் நாலாம் நம்பர். நான்தான் வெல கூடின அஞ்ச வாங்கி, ரெண்டு பெட்டிக்கும் ஊத்தச் சொன்னேன்.”

“அஞ்சு நாலை விட ஒசத்தி இல்ல. அது பின் சக்கரத்து டிஃபரன்சல் பெட்டிக்கு. ஒங்கட கியர் பெட்டிக்குள்ள பித்தள வளையம் ஈக்குது. அஞ்சில போடுற மருந்து அதத் தின்னும். வண்டிப் புக் ஈக்கா?”

இல்லை என்றேன். அவர் பைக்குள் கைவிட்டு, பொலித்தீனில் சுற்றிய வண்டிக் கையேட்டுப் புத்தகத்தை எடுத்தார். “இந்தா ஈக்குதே.”

ஒரு பக்கம் மடிக்கப்பட்டிருந்தது. கியர் பெட்டிக்கு ஜிஎல்-4. என் வண்டியின் ரான்ஸ்ஃபருக்கோ கியர் எண்ணெயே இல்லை, தானாக மாறும் ஒட்டோ கியருக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெய். இரண்டின் கீழும் முருகையாவின் பென்சில் கோடு. எண்ணெய் மாற்றிய அன்றே சொன்னார், “புக்கில வேற போட்டிருக்குங்க மொதலாளி” என்று. “வண்டி ஒன்னோடதா, என்னோடதா?” என்று கேட்டவன் நான்.

“வளையம் மாத்தணும். ஓட்டினவர்ட பிழை இல்ல,” என்றார் நானா. வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

ஜிஎல்-4 நான்கு லீற்றர் 9,800 ரூபா, சிவப்பு எண்ணெய் இரண்டு லீற்றர் 5,600. வளையத்துக்குப் பஞ்சிகாவத்தையில் ஒரு கடையைச் சொன்னார்.

10.05. நடைபாதையில் நின்றே முருகையாவுக்குப் போன் எடுத்துப் பேசினேன்.

“பிழை என்னோடது முருகையா. சந்தையில அத்தன பேர் முன்னுக்கும் சொல்றேன். திங்கக்கிழம வாங்க.”



“நேத்தே வேற வண்டிக்குச் சொல்லிட்டேங்க மொதலாளி. இனி மாத்த ஏலாது.” பிறகு கேட்டார்: “செவப்பு ஒயில் வாங்கினீங்களா?”

“ஆமா.”

“ஞாயித்துக்கிழம வந்து ஊத்திக் குடுத்துட்டுப் போறேன். வேற யார்கிட்டயும் குடுத்துறாதீங்க.”

பிற்பகல் நுவரெலியா பஸ்ஸில் கான்களைக் காலடியில் வைத்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டேன். கொழும்பில் எண்ணெய் விற்கிறவர் விற்பதற்கு முன் புத்தகத்தைக் கேட்கிறார். எங்கள் ஊரில் புத்தகத்தைப் பார்க்கச் சொன்ன ஒரே ஆளை நான் போகச் சொல்லிவிட்டேன்.