கரீம் சார் படுத்திருந்த பக்கத்து பெட்டு

கொரோனா ஊசிக்கு ஜனங்க வரிசையில நின்னாங்களே, அந்த வருசம். ஐப்பசி மழையில எங்க இண்டூர் பக்கம் ஏரியெல்லாம் ரொம்பி வழிஞ்சு கோடி போச்சே, அதே வருசம்.

அந்த வருசந்தான் தருமபுரியில என்னைய டயாலிசிஸ் பெட்டுல படுக்க வெச்சாங்க. பக்கத்து பெட்டுல கரீம் சார்.

கரீம் சார் போயிட்டாருங்க...

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போன்ல மைக்க எங்க அழுத்தறதுன்னு மருமவ காட்டிக் குடுத்திருக்கா. நான் பேசறேன், அது எழுதுது. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

சார் கடத்தூர் பக்கம் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவரு. எங்க ரூம்ல நாலு பெட்டு. செவ்வாயும் வெள்ளியும் ஒரே நேரத்துக்கு வர்ற நாலு பேரு... சாரு, நானு, நல்லம்பள்ளி பச்சியம்மா, லாரி ஓட்டிக்கிட்டிருந்த முனிராஜ்.

ரவுண்ட்ஸ் வர்ற டாக்டருங்க கால்மாட்டுல நின்னு இங்கிலீஷ்லயே பேசிக்குவாங்க. நம்மளப் பத்தித்தான் பேசறாங்க, நமக்குத்தான் ஒண்ணும் புரியாது. ஊசி வலியக்கூடத் தாங்கிக்கலாம், அந்த பயத்தத் தாங்க முடியாது.

ஒரு நாள் முனிராஜ்தான் ஆரம்பிச்சான். "சார், சும்மாதான படுத்திருக்கோம்... எங்களுக்கும் இங்கிலீஷ் சொல்லிக் குடுங்க. அப்படி என்னதான் பேசறாங்கன்னு பாத்துர்லாம்."

சார் சிரிச்சாரு. "எல்லாம் வேணாம்பா. இனிமே நடக்கப் போறத சொல்றதுக்கு மட்டும் கத்துக்குங்க. வில்... அந்த ஒரு வார்த்தைய வெச்சே ஓட்டிர்லாம்."

"ஏன் சார், நேத்து நடந்தத இங்கிலீஷ்ல சொல்லக் கூடாதுங்களா?" இது பச்சியம்மா.

"நேத்து நீ வாழைப்பழம் தின்னத இங்கிலீஷ்ல சொன்னா டாக்டருக்குப் புரிஞ்சிரும். பேசாம இரு தாயி."

எங்களுக்கு வாழைப்பழம் ஆகாது, எளநி ஆகாது, தண்ணிகூட அளந்துதான். ஊசி போட வந்த சிஸ்டரே சிரிச்சுட்டாங்க.

அப்புறம் ஆளாளுக்கு ஒண்ணு சொல்லணும்னாரு. முனிராஜ், "ஐ வில் டிரைவ் லாரி டு பாம்பே"ன்னான். பச்சியம்மா, "ஐ வில் ட்ரிங்க்... ஒரு சொம்புத் தண்ணி, முழுசா"ன்னுச்சு.

அதுக்கு யாரும் சிரிக்கல.

சார் எத சொன்னாலும் கடைசில இன்ஷா அல்லான்னு சேத்துக்குவாரு. "அதுவும் இங்கிலீஷுங்களா சார்?"னு கேட்டேன். "அது என் பயத்துக்கு. நீங்க உங்க சாமியச் சேத்துக்குங்க"ன்னாரு. அன்னிலருந்து பச்சியம்மா, "ஐ வில் கம் ஃப்ரைடே, முனியப்பா"தான்.

அதுவே பழக்கமாயிருச்சு. மிஷின கழட்டி, ஊசிய உருவி, பஞ்ச வெச்சு அமுத்திக்கிட்டு உக்காந்திருப்போம். எந்திரிக்கறதுக்கு முன்ன அடுத்த தடவ வருவேன்னு இங்கிலீஷ்ல சொல்லணும். பக்கத்து பெட்டு ஆளு "யூ வில் கம்"னு பதில் சொல்லணும். பதில் வராம யாரும் செருப்பு மாட்ட மாட்டோம்.

முனிராஜ் ஒரு செவ்வாக்கிழம சத்தமாச் சொல்லிட்டுப் போனான். வெள்ளிக்கிழம அவன் பெட்டுல வேற ஒருத்தர்.

அந்த ரூம்ல யாரும் எதையும் கேக்க மாட்டோம். பெட்டப் பாத்துத் தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.

அன்னிக்கு என் முறை வந்தப்ப நான் வாயத் தொறக்கல.

"என்ன மாதப்பன், சொல்லலியா?"

"பயமா இருக்குங்க சார். வருவேன்னு அடிச்சு சொல்ல நாம யாருங்க..."

"எனக்கும் பயந்தான். பயந்துக்கிட்டே சொல்லுங்க. நான் பதில் சொல்லிட்டுப் போவணுமில்ல, பஸ்சுக்கு நேரமாச்சு."

சொன்னேன். பதில் சொல்லிட்டுத்தான் போனாரு.

பச்சியம்மா போன தை மாசம் போயிருச்சு. தோட்டத்துல சாமந்தி பறிக்கறவங்களுக்குக் கூடை எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்துச்சாம்... அப்படியே உக்காந்துருச்சாம். எனக்கு அந்த ஒரு சொம்புத் தண்ணிதான் ஞாபகம் வருது.

அப்புறம் நானும் சாரும் மட்டும்.

இந்தச் செவ்வாக்கிழம சாருக்குக் குரலே எழும்பல. ஒதடு மட்டும் அசஞ்சுது. நான் "யூ வில் கம் சார்"னேன். கொஞ்சம் சத்தமாவே சொன்னேன்.

நேத்து வெள்ளிக்கிழம. சார் பெட்டுல சிஸ்டர் வேற பெட்ஷீட் விரிச்சுக்கிட்டிருந்தாங்க. கேக்கக் கூடாதுன்னு தெரிஞ்சும் கேட்டுட்டேன்... "சாருக்கு ஷிப்ட் மாத்திட்டீங்களாம்மா?"

அவங்க என் மூஞ்சியப் பாக்கல. வியாழக்கிழமையே அடக்கம் பண்ணிட்டாங்களாம்.

கொஞ்ச நேரத்துல டாக்டருங்க வந்தாங்க. என் கால்மாட்டுல நின்னு சீட்டப் பொரட்டினாங்க. ஒருத்தர் "ஹி வில்..."னு ஆரம்பிச்சாரு.

அது எனக்குப் புரிஞ்சுதுங்க. ஹி... அது நானு. வில்... இனிமே நடக்கப் போறது. அதுக்கப்புறம் வேகமாப் பேசிட்டாங்க. ஒண்ணும் புடிபடல.

பழக்கத்துல தலையப் பக்கத்து பெட்டுக்குத் திருப்பிட்டேன். "என்ன சார் சொல்றாங்க?"... வாய் வரைக்கும் வந்துருச்சு. அங்க ஒரு புது ஆளு காதுல வயர மாட்டிக்கிட்டுக் கண்ண மூடிப் படுத்திருக்காரு.

"டாக்டர்கிட்டத் தமிழ்லயே கேக்க வேண்டியதுதான மாமா"ங்கறா மருமவ. கேக்கலாம். கேட்டா சொல்லிருவாங்களே...

நேத்து அடுத்த தடவ வருவேன்னு சொல்லாமயே எந்திரிச்சு வூட்டுக்கு வந்துட்டேன்.

அதான் இங்க சொல்றேன் சார். ஐ வில் கம் ட்யூஸ்டே. முனியப்பா. நீங்க சேத்துக்கற இன்ஷா அல்லாவும் சேத்துக்கறேன்.

போய் வாங்க சார்.

அந்த நாலு பெட்டுல முனிராஜ் இல்ல, பச்சியம்மா இல்ல, இப்ப நீங்களும் இல்ல. இருக்கறது இண்டூர் மாதப்பன்.