திருப்பிப் போட்ட வாக்குத்தத்தச் சீட்டு

எங்கள் சபையில் வருசப் பிறப்பன்று காலை ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்தச் சீட்டு எடுப்போம். வேத வசனம் அச்சடித்த சின்னச் சீட்டு. அதுதான் அந்த வருசத்துக்குக் கர்த்தர் கொடுத்த வார்த்தை என்று வைத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சியில் தாளாக அச்சடித்து வாங்கி வருவார்கள். கத்தரித்துத் தட்டில் கவிழ்த்து வைப்பது என் வேலை. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் மனசு உடைந்த பொம்பளைகளிடம் உட்கார்ந்து பேசப் போதகர் என்னைத்தான் அனுப்புவார். அவரிடம் சொல்லாததை என்னிடம் சொல்வார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் சீட்டு எடுத்தாள். கரும்பு வெட்டப் போகிறவனின் மனைவி. புகுந்த வீட்டில் அவள் ஒருத்திதான் சபைக்கு வருகிறவள். கல்யாணமாகி ஆறு வருசம் கழித்து அப்போதுதான் வயிற்றில் பிள்ளை. சீட்டில் கர்த்தர் சிட்சிப்பதை, அதாவது தண்டித்துத் திருத்துவதைப் பற்றிய வசனம் வந்திருந்தது. முகம் சுருங்கிப்போய், அதைத் தட்டிலேயே போட்டுவிட்டு வேறொன்று எடுத்தாள். நான் பார்த்துவிட்டேன்.

"கர்த்தர் குடுத்தத திருப்பிப் போடறியே, நல்லா இருப்பியாடி?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

பங்குனியில், ஆறாம் மாதத்தில், பிள்ளை போய்விட்டது. அதன்பின் மாதா மாதம் சபையில் கொடுக்கிற திருவிருந்து அப்பத்தை அவள் வாங்கவில்லை. சபைக்கே வரவில்லை. வீட்டிலும் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டுப் போதகர் என்னை அனுப்பினார்.

கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, வாய்க்கால் ஓரமாக நடந்தால் அவள் வீடு. முதல் இரண்டு வியாழக்கிழமையும் சங்கீதம் வாசித்தேன், ஜெபம் பண்ணினேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். மூன்றாவது வாரம் அவள் மாமியார் கஞ்சிச் சொம்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நீங்களே குடிக்க வைங்க. நாங்க கோயில்ல பூப் போட்டு உத்தரவு கேட்டா, செவப்பு வந்தா சாமி வேணான்னுதுன்னு இன்னொரு நாளு வந்து கேப்போம். உங்க சாமிகிட்ட ரெண்டாவது வாட்டி கேட்டா புள்ளையவா புடுங்கிக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. "இன்னா பேசறீங்க நீங்க?" என்றேன்.

படுத்திருந்தவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அத்தய ஏன் பெரிம்மா கோச்சிக்கிறீங்க? நான் சீட்ட திருப்பிப் போட்டதாலதான எடுத்துக்கினாரு."

"யாருடி சொன்னது?"

"நீங்கதான்."

நான் அதை மறந்தே போயிருந்தேன்.

"அது நான் கத்தரிச்ச சீட்டுடி. ஒரு தாளுல அதே வசனம் நாலு எடத்துல இருக்கும். யார் கைக்கு வேணும்னாலும் வரும். அதுக்காகப் புள்ளைய எடுக்கற கர்த்தர் இல்ல அவரு."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வாய்க் கொழுப்பு. தப்புதான்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "இங்க நாலு செவுத்துக்குள்ள சொல்லிட்டுப் பூடுவீங்க. அன்னிக்கு எல்லாரு முன்னாலயும்தான சொன்னீங்க?"

நான் கஞ்சிச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்தேன். முப்பது வருசமாக அந்த இடத்தில் நின்று கர்த்தர் எனக்குச் செய்த நன்மைகளைத்தான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு, அவளிடம் நான் என்ன கேட்டேன் என்பதைச் சொன்னேன். அது கர்த்தருடைய வார்த்தை இல்லை, என்னுடையது என்றேன். பூக் கேட்கிற மாதிரிதான் நானும் சீட்டை நினைத்திருந்தேன் என்பதையும் சொன்னேன்.

"பெரிம்மாவே தப்புன்றாங்க, இன்னிக்கு மழ கொட்டப் போவுது" என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள். சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அவள் அன்று வரவில்லை. நான் சபையில் சொன்னதை யாரோ போய் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதத் திருவிருந்துக்கு வந்தாள். கடைசி வரிசையிலிருந்து நடந்து வந்து, இரண்டு கையாலும் அப்பத்தை வாங்கி, நின்ற இடத்திலேயே மென்றாள். என்னிடம் இன்னும் பேசவில்லை.