அக்காவுக்கு எடுத்த கோடி

அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி எடுக்கப் போன கடையில், "அளவு சரிவரலன்னா மாத்தித் தருவீங்களா?" என்று கேட்ட புத்திசாலி நான்தான். பதுளைக் கடைவீதியின் புடவைக்கடை முஸ்லிம் முதலாளி நானா நிமிர்ந்து பார்த்தார்.

"யாருக்கு தம்பி?"

"செத்துப்போன அக்காவுக்கு."

"அப்ப சரியாத்தான் இருக்கும் தம்பி" என்று குனிந்து பொட்டலம் கட்டினார். நாலு பேர் சிரிக்க எழுதுகிறவன் என்று எனக்குப் பெயர்; அன்று சிரிப்பை அடக்கப் பாடுபட்டவர் அவர்.

எங்கள் வழக்கத்தில் கோடி என்றால் சேலை. பெண் கண்மூடினால் உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்த வேண்டும். நான் எடுத்தது சல்வார். அக்கா போய் ஓராண்டாகியும் "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று கேட்கும் உறவினர்கள் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

அக்கா ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அந்த லயத்திலிருந்து முதன்முதலில் ஆசிரிய நியமனம் பெற்றவரும் அவரே. நியமனம் மடுல்சீமைப் பக்கம். பஸ் விட்டுப்போகும் இடத்திலிருந்து பாடசாலைக்குச் சேறும் அட்டையுமாய் ஏற்றம். அக்கா காற்சட்டையும் சப்பாத்துமாய் ஏறுவார். பாடசாலைக்குக் கீழேயிருந்த லயத்தில், கொழுந்தெடுக்கும் ஓர் அம்மாவின் வீட்டில் சேலை கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போவார். மாலையில் சேலை பைக்குள் இறங்கும். இதில் யாருக்கும் நட்டமில்லை.

அதிபருக்கு நட்டமாம். காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் அக்காவை நிறுத்தினார்.

"ஒரு டீச்சர் காற்சட்டையோட ரோட்டுல வாறதப் புள்ளைங்க பார்த்தா என்னாகும்?"

"அவங்க அம்மாமாரு காற்சட்டையப் போட்டு, மேல படங்குச் சாக்கு கட்டிக்கிட்டுத்தான் சார் மலைக்குப் போறாங்க. அதப் பார்த்து எந்தப் புள்ளையும் கெட்டுப் போகலையே."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை அவர் மன்னிக்கவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பும்வரை சேலைதான், இல்லையென்றால் இடமாற்றம் என்றார். சாதாரண தரப் பரீட்சைக்கு இருந்த பிள்ளைகளை விட்டுப்போக மனமில்லாத அக்கா, சேலையோடு மலையேறினார். அந்த மழைக்காலத்திலேயே சேலை காலைத் தடுக்கித் தண்ணீர்க் கானில் விழுந்து முழங்கால் போயிற்று. ஓய்வு பெறும்வரை விந்தி விந்தித்தான் நடந்தார். அதிபரோ காற்சட்டை அணிந்து மோட்டார் சைக்கிளில் வந்திறங்குவார். பண்பாடு முழுவதும் அக்காவின் கொசுவத்தில் இருந்ததால் அவர் சுமக்க எதுவும் மிச்சமில்லை.

பெட்ரோலுக்கு வரிசை நின்ற காலத்தில், ஆசிரியைகள் வசதியான உடையில் வரலாமே என்றொரு பேச்சு எழுந்தது. அக்கா அப்போது சிறுநீரகம் பழுதாகிப் படுக்கையில் இருந்தார். "பரவாயில்லையே, பெட்ரோல் தீர்ந்தா அறிவு வருது" என்றார். வரிசைகள் கலைந்ததும் மறுபடி சேலைப் புராணம் தொடங்கிற்று. "பெட்ரோல் வந்துருச்சு போல" என்றார்.

கடைசியில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, பொட்டியிலயாவது என்னைய சாரி கட்டி வைக்காதீங்கடா."

அதனால்தான் உடலை ஆயத்தப்படுத்திய மலர்ச்சாலையில் சல்வாரைக் கொடுத்தேன். பெட்டி வீட்டுக்கு வந்ததும் சனம் முணுமுணுத்தது. ஓய்வு பெற்றுவிட்ட அந்த அதிபரும் வந்திருந்தார். "டீச்சரம்மாவ இப்படியா அனுப்புறது? மேலயாச்சும் போர்த்துங்க" என்று, உறவினர் ஒருவர் கொண்டுவந்த சேலையை வாங்கிப் பிரித்தே விட்டார். நான் பெட்டிக்குக் குறுக்கே நின்றேன்.

"சார், இது உங்க ஸ்கூல் கேட் இல்ல. அக்கா ரிட்டயராகிட்டாங்க."

அக்காவின் கணவரான அத்தானும் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். சேலை மறுபடி மடிந்தது. அக்கா, தாம் கேட்டபடியே போனார்.

சிகிச்சைக்கு அழைத்துப்போன, ஹாலிஎலயில் அக்கா வீட்டு அயலவர்கள், முகம் சுளிக்காத தாதியர், பெட்டி சுமந்தவர்கள், தேநீர் ஊற்றியவர்கள் அனைவரையும் எங்கள் குடும்பம் கைகூப்பி நினைக்கிறது. சேலை கொண்டுவந்தவருக்கும் நன்றி, திரும்ப எடுத்துப்போனதற்காக.

கருமாதியன்று நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே பந்தி விசாரித்துக்கொண்டிருந்தேன். அக்கா படிப்பித்த பாடசாலையின் இளம் ஆசிரியை ஒருவர் இலையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நல்லா சண்டை புடிச்சீங்க சார். பழைய அதிபர் போய்ச் சொல்லிட்டாரு போல. இப்ப இருக்கிற அதிபர் புதுசா ஒண்ணு போட்டிருக்காரு: இனிமே சாவு வீட்டுக்குப் போறதா இருந்தாலும் டீச்சர்மாரு சாரியிலதான் போகணுமாம்."